கோச்சி வராத ஸ்ரேசன்கள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதக் கடிதப் பை முழுக்க ரயில்தான். போன இதழில் தலைமன்னார் இறங்குதுறையின் பழைய படம் ஒன்றைப் போட்டோம், அதற்குப் பிறகு யாருக்கும் வேறு கேள்வி தோன்றவில்லை போலிருக்கிறது. சரி, இந்தமுறை ரயிலோடு முடித்துக்கொள்வோம். கோணேசர் கோயில் தேர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வயலுக்கு அப்பால், தண்டவாளத்தை ஒட்டிப் பற்றைக்குள்ளே பழைய மேடை ஒன்று கிடக்கிறது. ஊரில் வயசானவர்கள் சிலர் அது ஸ்ரேசன் என்கிறார்கள், வேறு சிலர் வெள்ளைக்கார ஆமி சாமான் இறக்கிய இடம் என்கிறார்கள். எப்போது கட்டி எப்போது மூடினார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், தம்பலகாமம்)

பதில்: இரண்டு பகுதியினரும் சரியாகவே சொல்லியிருக்கலாம், ஒரே மேடை இரண்டுக்கும் பயன்பட்டிருக்க முடியும். காகிதம் தேடிக் கொழும்புக்குப் போகமுன் இடத்தை ஒழுங்காகப் பாருங்கள், பாதிப் பதில் அங்கேயே கிடைக்கும்.

நமது பாதை கல்லோயா சந்தியிலிருந்து திருகோணமலை வரை ஏறத்தாழ 70 கி.மீ. ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே வருகிற இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று விலத்த வேண்டுமென்றால் இடையில் எங்காவது தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றாகச் சேர வேண்டும், அப்படிப்பட்ட இடத்தில்தான் ஸ்ரேசன் மாஸ்டரும் கைகாட்டி மரங்களும் டேப்லெட் பெட்டியும் இருக்கும். வெறும் நிறுத்தம் என்றால் இது ஒன்றும் இராது. குட்டையான ஒரு மேடை, மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டில், அவ்வளவுதான். ஆகவே உங்கள் மேடைக்கு முன்னால் இரண்டு தண்டவாளம் கொள்ளுகிற அகலத்துக்கு நிலம் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஸ்ரேசனாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். மாறாக, முடிந்துபோகிற தண்டவாளம் ஒன்றின் தலைமாட்டில் மேடை குறுக்கே நின்று, பின்பக்கம் சரிவாக இறங்கினால் அது ஆட்கள் ஏறுவதற்காகக் கட்டியது அல்ல, லொறியையும் பீரங்கியையும் ரயில் பெட்டியிலிருந்து நேரே உருட்டி இறக்குவதற்கு. இரண்டாம் உலகப் போரில் திருகோணமலை இருந்த இருப்புக்கு அப்படி ஒன்று கிடைத்தால் ஆச்சரியமில்லை.

டேப்லெட் என்றவுடன் மாத்திரை என்று நினைக்க வேண்டாம். பித்தளைத் தட்டு அது, அடுத்த ஸ்ரேசன் வரைக்குமான பாதை இந்த ரயிலுக்கு மட்டும்தான் என்பதற்கு அடையாளம். பக்கத்துப் பக்கத்து ஸ்ரேசன்கள் இரண்டிலும் ஒவ்வொரு பெட்டி, இரண்டையும் மின்கம்பி இணைக்கிறது, ஒரு பெட்டியிலிருந்து ஒரு தட்டை வெளியே எடுத்துவிட்டால் அது திரும்ப ஏதாவது ஒரு பெட்டிக்குள் போகும்வரை இரண்டு பெட்டியிலும் வேறு தட்டு வராது. தட்டு கையில் இல்லாமல் சாரதி ரயிலை எடுக்க மாட்டார். வளையத்தில் கோத்த தட்டை ஓடுகிற எஞ்சினுக்கு நீட்டிக் கொடுப்பதையும் சாரதி பழையதை வீசிவிட்டுப் போவதையும் இந்தப் பாதையில் போய்வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். நான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு சின்ன ஸ்ரேசன் உயிரோடு இருந்தது ரிக்கெட் விற்ற காசால் அல்ல, பெரும்பாலும் இந்தத் தட்டு மாற்றுகிற வேலையாலும் எஞ்சினுக்குத் தண்ணீர் கொடுக்கிற வேலையாலும்தான்.

அந்தத் தண்ணீர் வேலை எப்படிப் போனது தெரியுமா? நீராவி எஞ்சின் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். 1950களில் டீசல் எஞ்சின்கள் வந்து இறங்கின. 1954 முதல் கொழும்புத் திட்டம் என்ற வெளிநாட்டு உதவித் திட்டத்தின் கீழ் கனடா தந்த எஞ்சின்களுக்கு அல்பேர்ட்டா, ஒன்ராறியோ என்று அந்த நாட்டு மாகாணங்களின் பெயர்களையே வைத்தார்கள், அவற்றில் சில அரை நூற்றாண்டு தாண்டியும் ஓடின. புகையிரதப் பொது முகாமையாளராக இருந்த ரம்பாலாவின் காலத்தில் நீராவி எஞ்சின்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கின, யாழ்தேவி, உதயதேவி என்று பெயர் சூட்டிய வேக ரயில்கள் வந்தன. நல்ல விஷயம்தான், ஆனால் வேக ரயில் சின்ன ஸ்ரேசனில் நிற்காது, டீசலுக்குத் தண்ணீர்த் தொட்டியும் தேவையில்லை. மேடைக்குப் பக்கத்தில் நாலு தூண் மட்டும் தனியாக நின்றால் அது மேலே தொட்டி இருந்த இடமாக இருக்கலாம், அதையும் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

இனி, எப்போது மூடினார்கள் என்ற கேள்வி. ஒரே ஒரு திகதியைத் தேடாதீர்கள், கிடைக்காது, கிடைத்தாலும் நம்பாதீர்கள். முதலில் விலத்துகிற பாதையைக் கழற்றுவார்கள். பிறகு ஸ்ரேசன் மாஸ்டரை வேறிடம் மாற்றுவார்கள், அவருடைய வீடு பூட்டிக் கிடக்கும். சரக்குப் பெட்டி நிற்பது ஓயும். அதற்குப் பிறகும் காலையும் மாலையும் ஒரு ரயில் ஒரு நிமிடம் நின்று போய்க்கொண்டே இருக்கும், நேர அட்டவணையில் பெயரும் இருக்கும். நமது பக்கத்தில் இதோடு போரும் சேர்ந்தது, சேவை நின்று நின்று நடந்த காலத்தில் எந்த ஸ்ரேசன் மூடியிருந்தது, எது வெறுமனே ஆளில்லாமல் இருந்தது என்று அங்கே குடியிருந்தவர்களைத் தவிர யாரால் சொல்ல முடியும்? அதனால் ஊராரிடம் கேட்கும்போது “எப்ப மூடினது?” என்று கேட்க வேண்டாம். கடைசி ஸ்ரேசன் மாஸ்டர் எங்கே குடியிருந்தார், கடைசியாக ரிக்கெட்டை எங்கே வாங்கினீர்கள், நெல் மூட்டை எதில் ஏற்றினீர்கள் என்று கேளுங்கள், ஆளுக்கு ஒரு வருடம் சொல்வார்கள், எல்லாமே சரியாக இருக்கும்.

காகிதத்துக்கு வருவோம். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓர் அங்குல (மைலுக்கு ஓர் அங்குலம்) வரைபடங்களில் புகையிரத நிலையங்கள் குறிக்கப்பட்டிருக்கும், வெவ்வேறு காலத்துப் பதிப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் உங்கள் மேடை எந்தப் பதிப்பில் வருகிறது, எதில் காணாமல் போகிறது என்று தெரியும். கொழும்பு 7இல் இருக்கிற தேசிய சுவடிகள் திணைக்களத்தில் புகையிரதப் பொது முகாமையாளரின் வருடாந்த நிர்வாக அறிக்கைகளைக் கேளுங்கள். அலுப்புத் தட்டுகிற வாசிப்பு, ஆனால் எங்கே மேடை கட்டினோம், எங்கே பாலம் திருத்தினோம் என்று எழுதுகிற இடம் அதுதான். வீட்டிலிருந்தே தேடுவதென்றால் ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிம நூலகத்தில் பழைய தமிழ்ப் பத்திரிகைகளும் ஊர் மலர்களும் இருக்கின்றன, பாடசாலை ஆண்டு மலர்களை விட்டுவிடாதீர்கள், ஸ்ரேசனைப் பற்றி ஒரு பழைய மாணவர் எழுதிய பந்தி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஓடுகிற பாதை அது, தண்டவாளத்தில் நடந்து அளக்க வேண்டாம். குற்றம் என்பது ஒரு பக்கம், யானை இன்னொரு பக்கம்.

கேள்வி: எங்கள் அம்மப்பா இராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாகத் திருகோணமலைக்கு வந்தவர். ஒரே ரிக்கெட்டில் ரயிலும் கப்பலும் என்று அம்மா சொல்வார். உண்மையா? தனுஷ்கோடி ஸ்ரேசன் இப்போது என்ன நிலையில் இருக்கிறது? (வாசகி, சாம்பல்தீவு)

பதில்: உண்மைதான். 1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடி இறங்குதுறை வரை ரயிலிலேயே வந்தார். அங்கே கப்பல் தயாராக நிற்கும். நீரிணை 22 மைல்தான், கடந்தால் தலைமன்னார் இறங்குதுறையில் கொழும்பு ரயில் காத்திருக்கும். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே ரிக்கெட், ‘போட் மெயில்’ என்று பெயர். அதற்கு முன் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீண்ட கப்பல் பயணம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பயணம் இல்லை, இதை அம்மா சொன்னாரோ தெரியாது. தோட்ட வேலைக்குக் கூட்டிவரப்பட்டவர்களை இந்தியக் கரையில் மண்டபம் என்ற ஊரிலிருந்த முகாமில் தடுத்துவைத்து நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கப்பலேற விட்டார்கள், அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம். முதல் வகுப்பில் வந்த துரைமாருக்கு அந்தச் சிறை இல்லை.

அம்மப்பா இலங்கைக் கரையில் இறங்கிய பிறகு எப்படி வந்திருப்பார் என்பதையும் வரைபடத்தை வைத்துச் சொல்லிவிடலாம். தலைமன்னாரிலிருந்து மதவாச்சி, அனுராதபுரம் வரை எல்லாருக்கும் ஒரே வழி. அவர் வந்தது 1927க்குப் பிறகு என்றால் மாகோ வரை தெற்கே இறங்கி, அங்கே மாறி, கல்லோயா வழியாக மறுபடி வடகிழக்கே ஏறி இங்கே வந்திருக்கலாம், பெரிய சுற்று. பொறுமை இல்லாதவர் அனுராதபுரத்தில் இறங்கி ஹொரவப்பொத்தானை றோட்டால் பஸ்ஸில் வந்திருப்பார். 1927க்கு முன் என்றால் வேறு வழியே இல்லை, றோட்டுத்தான். அவர் வந்த வருடத்தை எழுதுங்கள்.

தனுஷ்கோடிக்கு வருவோம். மேலே தம்பலகாமம் வாசகருக்கு ஸ்ரேசன் ஒரே நாளில் மூடாது என்று எழுதினேன் அல்லவா, தனுஷ்கோடி அதற்கு விலக்கு. அது ஒரே இரவில் போனது. 1964 டிசம்பர் 22, அந்தச் சூறாவளி முதலில் நமது கிழக்குக் கரையைத்தான் அடித்தது. திருகோணமலையில் அதைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ‘அறுபத்துநாலு புயல்’ என்றால் கதை கதையாகச் சொல்வார்கள். வவுனியா, மன்னார்ப் பக்கத்தால் குறுக்கே வெட்டிக்கொண்டு போய் அன்று இரவே தனுஷ்கோடியில் ஏறியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் இலக்கப் பயணிகள் ரயில் தனுஷ்கோடியைத் தொட இன்னும் கொஞ்சத் தூரம்தான், அலை அப்படியே அள்ளிக்கொண்டு போனது. நூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள், ஒருவரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தின் தளங்களும் கடலுக்குள் போயின. பாலத்தை 46 நாளில் திருப்பி நிறுத்தினார் அப்போது இளம் பொறியியலாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன், பிறகு டெல்லி மெட்ரோவைக் கட்டிப் பேர் வாங்கியவர் அவர்தான். பாலத்தைத் திருத்தியவர்கள் இராமேஸ்வரத்துக்கு அப்பால் தனுஷ்கோடி வரைக்குமான பாதையைத் திருப்பிப் போடவில்லை. ஊரையே குடியிருக்கத் தகாத இடம் என்று அறிவித்துவிட்டார்கள்.

இப்போது அங்கே போனால் ஸ்ரேசனில் சில சுவர்கள், தண்ணீர்த் தொட்டியின் மிச்சம், கூரையில்லாத தேவாலயம், இவைதான். அரிச்சல்முனை வரை றோட்டுப் போட்டுவிட்டதால் வாகனம் போகிறது, சுவருக்கு முன் நின்று செல்ஃபி எடுக்கிற கூட்டத்துக்குக் குறைவில்லை. பாதையை மறுபடி போடுவதற்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நட்டார்கள். அடிக்கல் நடுவது சுலபமான வேலை. பழைய பாம்பன் ரயில் பாலமும் ஓய்வுக்குப் போய்விட்டது, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள்.

கடலுக்கு இந்தப் பக்கத்துக் கதை வேறு. தனுஷ்கோடி போன பிறகும் இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. 1980களில் போர் தொடங்கிய பிறகு கப்பல் நின்றது, 1990இல் ரயிலும் நின்றது, பிறகு தண்டவாளமே இல்லாமல் போனது. புதிதாகத் தண்டவாளம் போட்டு 2015 மார்ச் 14இல் தலைமன்னார் இறங்குதுறை வரை மறுபடி ரயில் விட்டார்கள். ரயில் வருகிறது, கப்பல் வரவில்லை. இறங்குதுறைக்காகவே போட்ட பாதை, அந்த இறங்குதுறை துருப்பிடித்துக் கிடக்கிறது. என்னைக் கேட்டால் தலைமன்னாரை இன்னும் முழுதாகத் திறந்ததாக எண்ண மாட்டேன்.

கேள்வி: கொழும்புக்குப் போக ரயில் ஏன் இந்தச் சுற்றுச் சுற்றுகிறது? பாதை போட்டவனுக்கு வரைபடம் தெரியாதா? (வாசகர், சீனக்குடா)

பதில்: நன்றாகவே தெரியும், ஆனால் அவன் உங்களுக்காகப் போடவில்லை. மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் தனித்தனிப் பாதை போட்டால் இரட்டைச் செலவு. மாகோவிலிருந்து கல்லோயா வரை பொதுப்பாதை ஒன்று, அங்கே பிரிந்து ஒன்று இங்கே, மற்றது மட்டக்களப்புக்கு. இங்கே 1927இலும் மட்டக்களப்புக்கு 1928இலும் ரயில் வந்தது. கொழும்பிலிருந்து இங்கே 300 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு, இரவு மெயிலில் ஏறி நித்திரை கொண்டுவிட்டால் சுற்று தெரியாது. (இந்தக் கல்லோயா ஹபரணைப் பக்கம் இருப்பது. அம்பாறைக் கல்லோயாத் திட்டத்தோடு போட்டுக் குழப்பி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார், ரயிலில் அம்பாறைக்குப் போக முடியாது.)

நீங்கள் சீனக்குடாக்காரர், வீட்டு வாசலில் நின்றே காரணத்தைப் பார்க்கலாம். பிரித்தானியக் கடற்படை ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகளை அங்கே காட்டுக்குள்ளே கட்டியது, பாதை வந்ததும் அதே காலப்பகுதியில்தான். துறைமுகத்துக்கு ரயில் வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் அன்றைக்கு இந்தக் காட்டை வெட்டிப் பாதை போட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. கந்தளாய்க் குளத்தடி நெல்லும் மக்களும் அதற்கு அடுத்தபடிதான். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டபோது விமானம் ஒன்று எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேலேயே விழுந்தது, மற்றவை தப்பின. 1957இல் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டு வெள்ளைக்காரன் போனான். சீனக்குடா ஸ்ரேசன் அதோடு சும்மா கிடந்திருக்க வேண்டியது, கிடக்கவில்லை, பிறகு வந்த கோதுமை மா ஆலை அதற்குச் சரக்குக் கொடுத்தது. கூட்டம் இல்லாத ஸ்ரேசனைக்கூட ஒரு ஆலை பல வருடம் தாங்கும்.

கேள்வி: மூதூருக்கு மட்டும் ரயில் வராதது ஓரவஞ்சனை இல்லையா? (வாசகர், மூதூர்)

பதில்: ஓரவஞ்சனை கொஞ்சம் இருக்கலாம், அதைவிட முக்கியம் தண்ணீர். மகாவலி வந்து விழுகிற இடங்கள், கொட்டியாரக் குடா, களப்பு, இத்தனையையும் தாண்டி ரயில் பாலம் போட அன்றைக்கு யாருக்கும் மனம் வரவில்லை. கிண்ணியாவில் ‘பாதை’ என்கிற மிதவையை இழுத்து வாகனம் கடந்த காலம் 2009இல் பாலம் திறந்த பிறகுதான் முடிந்தது. உங்களுக்கு லோஞ்ச் இருந்ததே, கடற்காற்று வாங்கிக்கொண்டு ஒரு மணித்தியாலம். ரயிலை விட மோசமில்லை.

கேள்வி: நான் இராகலையில் பிறந்து இங்கே வந்து குடியேறியவள். எங்கள் பக்கம் ரயில் ஓடியது என்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். (வாசகி, உப்புவெளி)

பதில்: பிள்ளைகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஏறத்தாழ 30 கி.மீ. ஒடுக்கப் பாதை இருந்தது. தண்டவாள இடைவெளி இரண்டரை அடிதான், நமது அகலப் பாதை ஐந்தரை அடி. 1903இல் நுவரெலியாவையும் அடுத்த வருடம் இராகலையையும் தொட்டது. தேயிலைப் பெட்டிக்காகப் போட்டது. றோட்டு நன்றாகி லொறியும் பஸ்ஸும் வந்ததும் அதற்கு வேலை குறைந்தது, 1940இல் பயணிகள் சேவையை நிறுத்தினார்கள், 1948இல் முழுவதும் மூடிவிட்டார்கள். புயலும் இல்லை, போரும் இல்லை, லொறிதான்.

கேள்வி: பழைய பெட்டகத்தில் அட்டை ரயில் ரிக்கெட்டுகள் கொஞ்சம் கிடைத்தன. நல்ல விலை போகுமா? (வாசகர், உவர்மலை)

பதில்: பணமாகப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் வீடு கட்ட முடியாது. தகவலாக விலை கூடியவை. எங்கிருந்து எங்கே, என்ன வகுப்பு, என்ன கட்டணம், தொடரிலக்கம் எல்லாம் அச்சிலேயே இருக்கும். திகதியை மட்டும் இயந்திரத்தில் அழுத்திப் பதிப்பார்கள், அது மங்கியிருந்தால் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், பள்ளம் தெரியும். இப்போது ரயில் நிற்காத ஸ்ரேசனின் பெயர் ஏதாவது ரிக்கெட்டில் இருந்தால் அந்தத் திகதியில் அங்கே ஆள் இருந்து ரிக்கெட் விற்றிருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை, தம்பலகாமம் வாசகர் உங்களைத் தேடி வருவார். இரண்டு பக்கமும் படம் எடுத்து மேலே சொன்ன ‘நூலகம்’ எண்ணிம நூலகத்துக்கு அனுப்புங்கள். அசலைக் கொடுக்க மனம் வந்தால் கடுகண்ணாவையில் புகையிரத நூதனசாலை இருக்கிறது. அதுவரை காகித உறைக்குள் ஈரம் படாமல் வையுங்கள். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், சூட்டில் மை போகலாம், பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது.